பழைய சைக்கிள்: கழட்டிப் பூட்டுவதா, புதிது வாங்குவதா?

கோண்டாவிலில் இருந்து யாழ்ப்பாண நகருக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். 12 வருடத்துக்கு முன் வாங்கிய பெண்கள் சைக்கிள், 26 அங்குலச் சில்லு. எழும்பி மிதித்தால் செயின் துள்ளுகிறது. பின் சில்லு ஆடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் காலடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். மட்காட் முழுக்கக் கறள். சைக்கிள் கடையில் செயின், பிறீவீல் (பின் சில்லில் செயின் ஓடும் பல்லுச்சக்கரம்), பின் றிம், கம்பி, ரயர் இரண்டு, ரியூப் இரண்டு, நடு அச்சு, பிறேக் கட்டை என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் புதுச் சைக்கிள் விலையில் பாதியைத் தாண்டுகிறது. கனடாவில் இருக்கும் அண்ணா, ‘அதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கு, காசு அனுப்புகிறேன்’ என்கிறார். அப்பா, ‘நல்ல இரும்பு, கழட்டிப் பூட்டினால் இன்னும் பத்து வருடம் ஓடும்’ என்கிறார். யாருடைய பேச்சைக் கேட்பது?

தங்கச்சி, நீங்கள் இவ்வளவு விபரமாக எழுதியும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பிறேம் எப்படி இருக்கிறது? அண்ணாவும் அப்பாவும் அதைப் பற்றிப் பேசவில்லை, கடைத் துண்டிலும் அது இல்லை. முடிவு அதில்தான் இருக்கிறது. பிறேமையும் முன் போர்க்கையும் (முன் சில்லைப் பிடிக்கும் கவர்) விட்டால் சைக்கிளில் மற்றதெல்லாம் தேய்வதற்கென்றே செய்த சாமான்கள். தேயும், மாற்றுவோம், திரும்பவும் தேயும். போர்க்கைக்கூட மாற்றிவிடலாம். பிறேம் உக்கிப்போனால் அதற்கு மேல் புதுச் சாமான் பூட்டுவது வீண் செலவு. எனவே கடைக்குப் போக முதல் வீட்டில் ஒரு அரை மணித்தியாலம் செலவழியுங்கள்.

சைக்கிளைக் கழுவித் துடைத்து நல்ல வெளிச்சத்தில் நிறுத்துங்கள். முதல் வேலை, சீற்றை அதன் கம்பியோடு முழுதாக வெளியே எடுப்பது. இறுகிப்போய் வர மறுத்தால் ஓரத்தால் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். எடுத்த பிறகு சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்து அந்தக் குழாயைத் தட்டுங்கள். கொஞ்சம் செம்மண் தூசியும் கறள் பொடியும் விழுந்தால் பயப்பட ஒன்றுமில்லை, 12 வருடச் சைக்கிளில் அது இருக்கத்தான் செய்யும். கறள் தகடு தகடாக உதிர்ந்தால்தான் யோசிக்க வேண்டும். மாரிகாலத்து மழை சீற் கம்பியின் ஓரத்தால் உள்ளே இறங்கி, அடியில் பெடல் அச்சு ஓடும் பெட்டியில் போய்த் தேங்கும். வெளியில் பெயின்ற் நல்லாக இருக்க, உள்ளே இரும்பு அரித்து மெலிந்துகொண்டு வரும்.

அந்தப் பெட்டியைச் சுற்றியும், பின் சில்லுக்குப் போகும் இரண்டு குழாய்களும் அதோடு சேரும் இடத்திலும் பெயின்ற் கொப்புளித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு பழைய ஸ்குறூ ட்றைவர் முனையால் நன்றாகச் சுரண்டுங்கள். கெட்டியான இரும்பு தெரிந்தால் அது மேற்கறள். தேய்த்துப் பெயின்ற் பூசினால் போதும். அழுத்தும்போது முனை உள்ளே இறங்கினால் அந்தச் சைக்கிளுக்கு இனி ஒரு ரியூப்கூட வாங்க வேண்டாம். மட்காட் கறளை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது மெல்லிய தகடு, எல்லாவற்றுக்கும் முதல் அதுதான் போகும். பார்க்கிறவர்களுக்குச் சைக்கிள் முழுக்கப் போய்விட்டதாகத் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்தது முன்பக்கம். ஹாண்டில் ஏறி நிற்கும் குட்டைக் குழாயில் இருந்து பெடல் பெட்டிக்குச் சரிந்து இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தை, மேல் முனைக்குக் கிட்டக் கைவிரலால் தடவுங்கள். எப்போதாவது ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ முன்னால் இடித்திருந்தால் அங்கே ஒரு மெல்லிய மடிப்பு விரலில் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். மடிப்பு இருந்தாலோ, பொருத்தில் மயிரளவு வெடிப்பு ஓடியிருந்தாலோ அந்தப் பிறேமை விட்டுவிடுங்கள். ‘வெல்டிங் கடையில் ஒட்டலாமே’ என்று யாராவது சொல்வார்கள். கரியர் கால், மட்காட் கம்பி போன்றவற்றை ஒட்டலாம். பிறேம் குழாய் மெல்லியது. கறண்ட் வெல்டிங்கில் ஓட்டை விழும், விழாவிட்டாலும் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் முறியும். பழைய ஆட்கள் காஸ் வைத்துப் பித்தளையால் ஒட்டுவார்கள். அது தெரிந்த கை கிடைத்தால்கூட, முன்குழாயில் வெடித்த பிறேமில் நகரத்து வாகன நெரிசலுக்குள் ஓடச் சொல்ல எனக்கு மனம் வராது. அலுமினியப் பிறேம் என்றால் பேச்சே இல்லை. சூடு பட்ட இடத்தின் பலம் போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது சைக்கிள் கடை செய்யக்கூடிய வேலை இல்லை.

கடைசியாக, இரண்டு ரயரையும் நனைத்துச் சீமெந்து முற்றத்தில் சைக்கிளை நேராக உருட்டுங்கள். இரண்டு ஈரக்கோடும் ஒன்றுக்கு மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் முதலில் பின் சில்லு நட்டைத் தளர்த்திச் சில்லை நடுவுக்கு எடுத்து இன்னொரு முறை உருட்டுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். அப்படியும் விலகினால் போர்க்கோ பிறேமோ வளைந்திருக்கிறது. போர்க் என்றால் மாற்றலாம். பிறேம் என்றால் இல்லை.

கோண்டாவில் மண்ணில் நின்ற சைக்கிளுக்கு இந்தச் சோதனைகளில் தோற்பதற்குக் காரணம் குறைவு. கடற்கரைப் பக்கமான குருநகர், நாவாந்துறை, தீவுப்பக்கம் என்றால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். உப்புக் காற்று ஐந்து வருடத்தில் செய்வதை உள்ளூர் ஈரம் பதினைந்து வருடத்திலும் செய்யாது. ஆனால் உங்கள் வேலையிடம் கடலோரப் பண்ணைப் பக்கம் என்றால் பகல் முழுக்கச் சைக்கிள் அங்கேதான் நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சரி, பிறேம் தப்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அந்தத் துண்டை எடுங்கள். ‘பாதி விலையைத் தாண்டினால் புதிது வாங்கு’ என்று எல்லாரும் சொல்வார்கள். அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. ரயர், ரியூப், பிறேக் கட்டை, செயின் நான்கும் புதுச் சைக்கிளும் உங்களிடம் கேட்கப்போகிற செலவு. தினமும் போக வர 10 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறவருக்கு இரண்டு மூன்று வருடத்தில் அது வந்தே தீரும். அது ஓடுவதற்கான செலவு. அதைப் பழைய சைக்கிளின் தலையில் கட்டினால் பழையது எப்போதும் தோற்கத்தான் செய்யும். ஆகவே அந்த நான்கையும் துண்டில் வெட்டிவிட்டு மிச்சத்தைக் கூட்டுங்கள். ஒரு பேச்சுக்குப் புதுச் சைக்கிள் 100 ரூபாய், துண்டு 55 ரூபாய் என்றால், இந்த நான்கும் அதில் 25 ரூபாய் வரலாம். மிச்சம் 30. அதுதான் பழைய சைக்கிளை வைத்திருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை. இந்தத் தொகை புதிதின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றால் நான் யோசிக்காமல் திருத்துவேன். பாதியைத் தாண்டினால் அண்ணாவின் காசுக்கு நன்றி சொல்லுவேன். இடையில் நின்றால்தான் சிக்கல், அப்போது கீழே சொல்வதையும் பார்க்க வேண்டும்.

துண்டில் இருப்பதெல்லாம் உண்மையாகவே மாற்ற வேண்டியவையா என்பதும் ஒரு கேள்வி. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. வாசலில் நிறுத்தி ஒரு பார்வை பார்த்து எழுதும்போது, பிறகு திட்டு வாங்காமல் இருக்க எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளையும் நீங்களே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

செயின் துள்ளுவது. அடிமட்டம் ஒன்றை எடுத்துச் செயினை இழுத்துப் பிடித்து அளவுங்கள். ஒரு ஆணியின் நடுவில் தொடங்கி 24 கண்ணி தள்ளி இருக்கும் ஆணியின் நடு வரை, புதுச் செயினில் மட்டாக 12 அங்குலம். அதிலிருந்து அங்குலத்தில் 16இல் ஒரு பங்குக்குள் நீண்டிருந்தால் செயினில் குறை இல்லை, வேறு எங்கோ இருக்கிறது. 16இல் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் செயினை மட்டும் மாற்றுங்கள். 8இல் ஒரு பங்குக்கு வந்துவிட்டால் செயின் தன்னோடு பிறீவீலின் பல்லையும் அரைத்துவிட்டது, இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டும். அந்த நேரத்தில் காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செயினை மட்டும் மாற்றினால் துள்ளல் கூடும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது. ‘புதுச் செயின் போட்டும் துள்ளுது’ என்று சைக்கிள் கடையில் நடக்கும் சண்டைகளில் பாதி இதனால்தான்.

துள்ளுவதிலும் இரண்டு விதம். பாரம் கொடுத்து மிதிக்கும்போது ‘கடக்’ என்று ஒரு பல்லுத் தாண்டினால் அது செயினும் பல்லும். பிடிப்பே இல்லாமல் பெடல் சும்மா முன்னுக்குச் சுற்றி, பிறகு திடீரென்று பிடித்தால் பிறீவீலுக்குள் இருக்கும் சின்ன நாக்குகள் பழைய கிறீஸில் ஒட்டிக்கிடக்கின்றன. மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றிக் கழுவி, மெல்லிய எண்ணெய் ஊற்றினால் பலமுறை சரிவரும். முதல் வகைக்குத்தான் காசு.

பிறீவீல் மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒன்று சொல்கிறேன். பழையதில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். 18 என்றால், கடையில் 20 பல்லு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முன்னால் 44 பல்லு இருக்கிற சைக்கிளில் இந்த ஒரு மாற்றத்தால் மிதி பத்தில் ஒரு பங்கு இலகுவாகும். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லை, ஆனால் சோளகம் இருக்கிறது. ஆடி மாதத்தில் எதிர்க்காற்றில் மிதித்தவருக்கு அந்த இரண்டு பல்லின் அருமை தெரியும்.

காலடியில் வரும் ‘டக்’. இரண்டு கிறாங்கையும் (பெடல் பூட்டியிருக்கும் இரும்புத் தண்டு) இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் உள்ளே அச்சு, கப், போல் (அதற்குள் உருளும் இரும்புக் குண்டு) இவற்றில் ஆட்டம். ஒன்று நிற்க மற்றது மட்டும் ஆடினால் அது அந்தக் கிறாங்கை அச்சோடு இறுக்கும் கொட்டர் பின். நட் வைத்து இறுக்கும் புது மாதிரி என்றால் அந்த நட். கொட்டர் பின் ஒரு சின்ன ஆப்பு, சைக்கிளிலேயே மலிவான சாமான்களில் ஒன்று. அதற்காக நடு அச்சு முழுதையும் மாற்ற எழுதியிருந்தால் அந்த வரியை அப்படியே வெட்டலாம். புதுப் பின் போட்டு ஒரு கிழமை ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை அடித்து இறுக்கக் கேளுங்கள், முதல் கிழமையில் அது கொஞ்சம் இளகும். இளகிய பின்னோடு மாதக்கணக்கில் ஓடினால் அச்சும் கிறாங்கும் சேர்ந்து கெட்டுவிடும், பிறகுதான் உண்மையான செலவு.

பின் சில்லு ஆடுவது. இங்கேதான் காசு அதிகம் புழங்கும், அதனால் கொஞ்சம் நின்று பாருங்கள். சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பிறேக் கட்டைக்கு நேரே கண்ணை வையுங்கள். றிம் இடம் வலமாகப் போய்வந்தால் அது நெளிவு. கம்பிகளை இறுக்கித் தளர்த்தி நெளிவெடுக்கலாம், றிம்மில் இடிபட்ட பள்ளமோ கம்பி கோர்க்கும் நிப்பிள் ஓட்டையைச் சுற்றி வெடிப்போ இல்லாதவரை. சில்லு சுற்றாமல் நிற்கும்போது றிம்மைப் பிடித்து இடம் வலமாகத் தள்ளினால் ‘டொக் டொக்’ என்று ஆடினால் அது வேறு. சில்லின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் கோனும் (போல் உருளும் கூம்பு) போலும். நெளிவுக்கு றிம் மாற்றுவது வேறு கதை, கோன் ஆட்டத்துக்கு றிம் மாற்றுவது வெறும் அநியாயம்.

ஹப்பைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல திருத்துகிற அண்ணைமார் காட்டுவார்கள். முதலில் கறுத்த கிறீஸ் வரும், அதற்குள் பின் சில்லில் ஒரு பக்கத்துக்கு 9 போல், கால் அங்குலம். துணியால் துடைத்துக் கோனைப் பகல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். போல் ஓடிய தடம் ஒரே சீராக மினுங்கும் வளையமாக இருந்தால் கோன் இன்னும் ஓடும். போலை மட்டும் மாற்றி, புதுக் கிறீஸ் வைத்துப் பூட்டலாம். வளையத்தில் ஊசியால் குத்தினது போல் குழிகள் இருந்தால் கோனும் போலும் புதிது. இதெல்லாம் சின்னக் காசு. பிறகு விரலை ஹப்பின் உள்ளே விட்டுக் கப்பைத் தடவுங்கள். அங்கேயும் குழி தட்டுப்பட்டால் ஹப் போய்விட்டது. ஹப் மாற்றுவதென்றால் அத்தனை கம்பியையும் கழற்றிக் கோர்க்க வேண்டும். அப்போது மட்டும் சில்லை முழுதாக மாற்றும் பேச்சு நியாயம். அச்சையும் மேசையில் உருட்டிப் பாருங்கள். பிறீவீல் பக்கத்தில் பாரம் கூட விழுவதால் அச்சு அங்கேதான் வளையும், சில வேளை உள்ளே முறிந்தும் இருக்கும். இரண்டு பக்க நட்டும் இழுத்துப் பிடித்திருப்பதால் முறிந்தது தெரியாமலே ஓடுவார்கள். கரியரில் காஸ் சிலிண்டர் கட்டுகிற வீடுகளில் இது அடிக்கடி.

கம்பி ஒன்றிரண்டு அறுந்திருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். போன மாதம் ஒன்று, இந்த மாதம் இரண்டு என்று வரிசையாக அறுந்தால் எல்லாக் கம்பியும் களைத்துவிட்டன என்று அர்த்தம், ஒட்டுமொத்தமாக மாற்றிக் கோர்க்க வேண்டும். றிம் மாற்ற வேண்டியே வந்தால், உங்கள் சைக்கிள் கேபிள் பிறேக் என்றால், இரும்பு றிம்முக்குப் பதில் அலுமினிய றிம் கேளுங்கள். குரோம் பூசிய இரும்பு றிம் மழையில் நனைந்தால் பிறேக் கட்டை வழுக்கும், பிடித்தாலும் சைக்கிள் நிற்கத் தூரம் எடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கே.கே.எஸ். (காங்கேசன்துறை) றோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிற ஒருவருக்கு அலுமினிய றிம் வீண் செலவில்லை. கம்பித்தண்டுப் பிறேக் உள்ள பழைய சைக்கிள்களுக்கு இது பொருந்தாது, அவற்றின் கட்டை றிம்மின் உட்பக்கத்தை இழுத்துப் பிடிப்பது, றிம்மின் உருவமே வேறு.

ரயர் வாங்கும்போது ‘26’ என்று மட்டும் கேட்டுவிட்டு வரவேண்டாம். 26 × 1 3/8 என்று பின்னத்தில் எழுதியதும் 26 × 1.95 என்று தசமத்தில் எழுதியதும் வேறு வேறு றிம்முக்கு. பக்கவாட்டில் 37-590 மாதிரி ஒரு எண்ணும் இருக்கும். 590 என்பது ரயர் உட்காரும் வட்டத்தின் விட்டம், மில்லிமீற்றரில். தசம எழுத்துள்ள மவுன்ரன் சைக்கிள் ரயருக்கு அது 559. பெரிய சில்லுச் சைக்கிள்களின் 28 × 1 1/2 ரயருக்கு 635. இந்த எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். ரியூப்பை எறிய முதல் வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் ரியூப்பில் குறை இல்லை, வால்வுக்குள் இருக்கும் இறப்பர்க் குழாய் உக்கியிருக்கிறது. அதை மாற்றினால் சரி.

இவ்வளவும் பார்த்த பிறகு உங்கள் துண்டு பாதியாகச் சுருங்கினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நீங்கள் எழுதியதை வைத்து என் ஊகம்: செயினும் பிறீவீலும் போக வேண்டும், பின் ஹப் திறந்து கோன், போல், கிறீஸ், கொட்டர் பின், பிறேக் கட்டை, உள் கேபிள். ரயரில் பின்னது நிச்சயம், முன்னது பக்கவாட்டில் நூல் தெரியாவிட்டால் இன்னும் ஒரு வருடம் ஓடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவும் தேவையில்லை. பிறேக், பின் சில்லு, செயின் முதலில். மட்காட் எப்போதாவது.

இனி அண்ணாவின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் சில வேளைகளில் அவர் சொல்வதுதான் சரி. எங்கள் ஊரில் திருத்துவதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது. தொண்ணூறுகளில் பெற்றோலும் இல்லை, கறண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். விறகும் நோயாளியும் அரிசி மூட்டையும் சைக்கிளில்தான் போனது. 1995 ஒக்ரோபரில் போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோதும் பலருக்கு மிஞ்சியது சைக்கிளும் அதில் கட்டியதும்தான். அந்தத் தலைமுறைக்கு ஒரு சைக்கிளை எறிவது என்பது வாயில் வராத சொல். உங்கள் அப்பாவும் அந்த ஆள் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பழக்கத்தால் நல்ல சைக்கிள்கள் பல காப்பாற்றப்பட்டிருக்கின்றன. செத்த பிறேமுக்குக் கொட்டின காசும் குறைவில்லை. யாராவது அந்த இடப்பெயர்வுச் சைக்கிளை அதற்காகவே வைத்திருக்கிறார் என்றால் அது வேறு கணக்கு, அதற்கு நான் விலை பேச மாட்டேன். வேலைக்குப் போகிற சைக்கிளுக்கு மட்டும் இந்தக் கணக்கு.

புதிது வாங்குவதுதான் சரி என்று நான் சொல்லும் இன்னொரு சந்தர்ப்பம், சைக்கிள் உங்களுக்கு அளவில்லாமல் இருப்பது. பள்ளிக்கூடக் காலத்தில் வாங்கியதா? சீற்றில் இருந்து குதிக்காலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடிந்தே இருந்தால் சீற்றை உயர்த்துங்கள். கம்பியில் இருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியாத அளவுக்கு உயர்த்தியும் போதாவிட்டால் நீளமான கம்பி போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஹாண்டில் நெஞ்சில் முட்டினால் அந்தச் சைக்கிளில் எவ்வளவு கொட்டினாலும் முதுகு நோகத்தான் செய்யும்.

வாங்குவதென்றால் 18 கியர், 21 கியர், முன்னால் ஷொக் எல்லாம் வைத்து மலிவு விலைக்கு விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மேடு பள்ளம் இல்லாத இந்த மண்ணில் கியர் தேவைப்படுவது காற்றுக்கு மட்டும், அதற்குப் பின்னால் 20 பல்லு போதும். மலிவான ஷொக் உங்கள் மிதியின் பலத்தில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும், ஆட்டம் விழுந்தால் திருத்த உள்ளே போட உதிரிப்பாகமும் கிடைக்காது. அப்படிப்பட்ட சைக்கிள்களில் கரியர், மட்காட், செயின் கவர், ஸ்டாண்ட் எதுவும் இராது. அவற்றைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டினால் விலை எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். சேலை கட்டி ஓடுகிறவருக்குச் செயின் கவரும், பின் சில்லில் சேலை சுற்றாமல் மறைப்பும், தாழ்ந்த பாரும் அத்தியாவசியம். லுமாலா மாதிரிக் கியர் இல்லாத சாதாரண நகரச் சைக்கிள் போதும். அதற்கு எந்தச் சந்தியிலும் சாமான் கிடைக்கும். அது கியரை விடப் பெரிய விஷயம்.

புதுச் சைக்கிளை வாங்கியதும் ஓடத் தொடங்காதீர்கள். பெட்டியில் வந்ததைக் கடையில் பொருத்தும்போது நட்டுகளை இறுக்குவார்கள், கோனைத் திறந்து கிறீஸ் இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. உங்கள் வழமையான கடையில் கொடுத்து இரண்டு ஹப்பும் நடு அச்சும் திறந்து கிறீஸ் வைத்துப் பூட்டுங்கள். ஒரு மாதம் ஓடிய பிறகு கம்பிகளை ஒருமுறை இறுக்கி நெளிவெடுங்கள், புதுக் கம்பிகள் அதற்குள் கொஞ்சம் இளகியிருக்கும். இந்த இரண்டு கூலியையும் விலையோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பழைய சைக்கிள் வாங்குவது மூன்றாவது வழி. 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் றோட்டுக்கு வந்தன, புதிதின் விலையும் சாமான் விலையும் ஏறின. அப்போது அவசரத்தில் ரயரும் ரியூப்பும் மட்டும் மாற்றி ஓடிவிட்டுத் திரும்ப மூலையில் வைத்தவை இப்போது விலைக்கு வருகின்றன. மேலே சொன்ன பிறேம் சோதனையை அவற்றுக்கும் செய்யுங்கள், ஹப்பைத் திறக்காமல் விலை பேசாதீர்கள். பிறேம் எண் பெரும்பாலும் பெடல் பெட்டியின் அடியிலோ சீற் குழாயின் மேற்பக்கத்திலோ அடித்திருக்கும். சுரண்டி அழித்திருந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். யாராவது நாரைச் சின்னம் வைத்த பழைய ரலி தருகிறேன் என்றால், பிறேம் தங்கம்தான், ஆனால் நடு அச்சுக் கப்பை முதலில் பாருங்கள். ரலி கொம்பனி தன் பெட்டிக்கு அங்குலத்துக்கு 26 மரை வைத்தது, மற்ற ஆங்கிலேய முறைச் சைக்கிள்களில் 24. கப் தேய்ந்திருந்தால் மற்றக் கப் ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் பிறேமின் மரையே அழியும்.

எதைத் தெரிவு செய்தாலும், செயினுக்குக் கழிவோயில் ஊற்றாதீர்கள். இஞ்சினுக்குள் தேய்ந்த இரும்புத் துகள் அதில் இருக்கிறது, அது செயினை அரைக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நிற்காது, செம்மண்ணை இழுத்துப் பிடிக்கும். மாதம் ஒருமுறை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தையல் மெசின் எண்ணெயோ புது இஞ்சின் ஓயிலோ கண்ணிக்கு ஒரு துளி விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

இந்தக் கிழமை சீற்றைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். உள்ளே இருந்து என்ன விழுந்தது, செயின் 24 கண்ணிக்கு எவ்வளவு, கிறாங் இரண்டும் சேர்ந்து ஆடுகிறதா ஒன்று மட்டும் ஆடுகிறதா என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கடைத் துண்டில் எந்தெந்த வரியை வெட்டலாம் என்று சொல்கிறேன். அதுவரைக்கும் அண்ணாவிடம் காசு அனுப்ப வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, கொஞ்சம் பொறுக்கச் சொன்னால் போதும்.